பத்து வயசு முடிஞ்சிருக்கணும்

எங்க மாவு மில்லுக்கு மேல இருந்த மாடி ரெண்டு வருஷமா காலியாவே கெடந்துச்சு. கீழ மில்லு ஓடுனா மேல வச்ச சொம்பு தானா நகரும், அங்க எவன் குடித்தனம் வருவான்? பே கோபுரத் தெருவுல அந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரரு இருசப்பன். கீழ நாங்க வாடகைக்கு இருந்தோம். மாடிக்கு ஆளு கெடைக்கலன்னு அவரு தெனம் புலம்புவாரு. எழுபத்தாறுல ஒரு நாள் சந்திரகலா டீச்சர் வந்தாங்க. படியேறிப் போயி, சுவத்துல கையை வச்சு அந்த நடுக்கத்தைப் பார்த்தாங்க. "இங்க எட்டு மெஷினு தட்டுனாலும் யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க, இல்லக்கா?"னு என்னைக் கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மறு வாரமே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போர்டு மாட்டிட்டாங்க.

நான் சரோஜா. மில்லு எங்க வீட்டுக்காரரு ஆதிமூலம் பேருல இருக்குது, நடத்துறது நான்தான். தெருவுல யாரை வேணா கேளுங்க. எனக்கு வாய் ஜாஸ்தி, கோவம் அதைவிட ஜாஸ்தி. அதை நானே சொல்லிடறேன், அப்புறம் நீங்க என்னமோ கண்டுபிடிச்ச மாதிரி சொல்ல வேணாம். ஆனா நான் சொல்ல வந்தது டீச்சரைப் பத்தி.

டீச்சருக்குச் சொந்த ஊரு கீழ்பென்னாத்தூரு. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுற குடும்பம். அண்ணனுங்க ரெண்டு பேரும் நிலத்தைப் பார்த்துக்கிட்டாங்க. இவங்க மட்டும் தமிழு, இங்கிலீஷு ரெண்டுலயும் டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணிட்டு டவுனுக்கு வந்துட்டாங்க. நாலு மெஷினோட ஆரம்பிச்சது எட்டாச்சு. முப்பது வயசைத் தொட்டும் கல்யாணம் ஆவல. எங்க தெரு மாரியம்மனுக்கு எல்லாத்தையும் முன்ன நின்னு செய்யறது ஜோதியம்மாள். அது ஒரு நாள் நேராவே கேட்டுடுச்சு: "எப்பம்மா எங்களுக்குச் சாப்பாடு போடப் போறே?" டீச்சர் இன்னா சொன்னாங்க தெரியுமா? "பசிக்குதாங்க? வாங்க, சாம்பார் வச்சிருக்கேன்"னாங்க. ஜோதியம்மாளுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு.

ஆறரை மணி பேட்சுன்னா ஆறரைக்குக் கதவைச் சாத்திடுவாங்க. இருசப்பனோட மச்சான் மவன் அஞ்சு நிமிஷம் லேட்டா வந்து நின்னான். "நாளைக்கு வா." அவ்ளோதான். "என் கட்டடத்துலயே என் ஆளுக்குக் கதவு சாத்துறாங்க"னு இருசப்பன் என்கிட்ட வந்து பொருமுனாரு. நான் உச்சுக் கொட்டிட்டு உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். வயசு விஷயத்துலயும் டீச்சர் அப்படித்தான். பரீட்சைக்கு அப்ளிகேஷன் போடறதுக்குப் பொறந்த தேதி வேணும்னா, ஸ்கூல் சர்டிபிகேட்டைக் கையில வாங்கிப் பார்த்துத்தான் எழுதுவாங்க. வாயால சொன்னா எடுபடாது.

எண்பத்து மூணுல ஒரு வெள்ளைக்காரம்மா அடி அண்ணாமலை பக்கம் வீடு எடுத்துத் தங்கியிருந்துச்சு. அது எழுதுனதையெல்லாம் டீச்சர்தான் டைப் அடிச்சுக் குடுப்பாங்க. ஊருக்குத் திரும்பறப்ப டீச்சருக்கு ஒரு டப்பாவைக் குடுத்துட்டுப் போச்சு. அதோட மவன் ஆடுனதாம், இப்ப வளர்ந்துட்டானாம். உள்ள ஒரு புக்கும் கொஞ்சம் பகடையும் இருந்துச்சு. பகடைன்னா நம்ம தாயக்கட்டை மாதிரி இல்ல. ஒண்ணுக்கு நாலு மூஞ்சி, ஒண்ணுக்கு எட்டு, ஒண்ணுக்கு இருபது. மில்லு ஓடறப்ப அந்த இருபது மூஞ்சியை நான் மாடியில உருட்டிப் பார்த்தேன், எந்த மூஞ்சியிலயும் அது நிக்கவே இல்ல.

அந்த மழைக் காலம் பூரா டீச்சர் டிக்ஷனரியை மடியில வச்சுக்கிட்டு அந்த புக்கைப் படிச்சாங்க. அப்புறம் அதுல இருந்த வெளிநாட்டு சமாச்சாரத்தையெல்லாம் தூக்கி எறிஞ்சுட்டு, நம்ம பக்கத்து மலைக்கோட்டை ஒண்ணை அவங்களே மனசுல கட்டுனாங்க. ஏழு வாசல், அடியில சுரங்கம், கடைசி வாசலுக்கு அந்தாண்ட ஒரு பூதம். பலகையும் இல்ல, காயும் இல்ல. ஆளுக்கு ஒரு டைப் அடிச்ச காகிதம். உன் ஆளு வில்லுக்காரனா, வைத்தியரா, திருடனா, அவனுக்குப் பலம் எவ்ளோ, புத்தி எவ்ளோன்னு அதுல இருக்கும். டீச்சர் சொல்வாங்க: "நீ மூணாவது வாசல்ல நிக்கிறே. உள்ள யாரோ இருமுறாங்க. இப்ப இன்னா பண்றே?" புள்ள தான் பண்றதைச் சொல்லணும். அது பலிச்சுதா இல்லையான்னு பகடை சொல்லும். ஞாயித்துக்கெழமை மில்லுக்கும் லீவு, மெஷினுக்கும் லீவு. ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சு அஞ்சுக்கு முடிச்சுடுவாங்க. நானே மொறத்தோட படியில உக்காந்து காது குடுத்துக் கேட்டிருக்கேன். பொய் சொல்வானேன், அரிசியில கல்லு பொறுக்கறதை மறந்துட்டு கேட்டிருக்கேன்.

அந்த டப்பா மேல பத்து வயசும் அதுக்கு மேலயும்னு இங்கிலீஷ்ல போட்டிருந்துச்சாம். டீச்சர் அதை அப்படியே நம்பல. அவங்க அக்காவோட ஏழு வயசு மவனுக்குக் கோட்டைக் கதையை ஒரு தடவை ஆடிக் காட்டியிருக்காங்க. அது பூதத்துக்குப் பயந்து ஒரு மாசம் கெணத்துப் பக்கமே போவலையாம். அதுக்கு அப்புறம்தான் பத்து முடிஞ்சிருக்கணும்னு சட்டம் போட்டாங்க. "ஆட்டத்துல சாவுற எடத்தையெல்லாம் எடுத்துட்டா சின்னதுங்களும் ஆடலாமே டீச்சர்?"னு நான் கேட்டேன். "பகடையில தோக்கறதே இல்லன்னா அப்புறம் எதுக்குக்கா உருட்டணும்? சாவு இருக்கட்டும். பத்து வயசானது கோட்டைக்குள்ள போயிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடும். அதுக்குக் கம்மின்னா உள்ளயே குடியிருந்துடும். இவ்ளோதான் வித்தியாசம்"னாங்க. எனக்கு அது அப்ப சரியாப் புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன்.

இப்ப என் யோக்கியதைக்கு வர்றேன். எங்களுக்குப் பொன்னி ஒத்தப் புள்ள. எழுபத்தஞ்சு கார்த்திகையில, தீபத்துக்கு மூணு நாள் முன்ன பொறந்தா. மூணரை வயசுல மில்லுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்தா. ஒரு நாள் அவ பாவாடை மில்லு பெல்ட்டுல மாட்டிக்கிச்சு. நான் பாஞ்சு இழுத்தேன், புள்ள என் கைக்கு வந்துச்சு, பாவாடை பெல்ட்டோட போயிடுச்சு. அன்னிக்கே முடிவு பண்ணேன், இவளை ஸ்கூல்ல தள்ளிடணும். அஞ்சு ஆவாம சேக்க மாட்டாங்க. அப்பல்லாம் பொறந்த சர்டிபிகேட்டை யாரு கேட்டாங்க? வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொட்டா அஞ்சு வயசு, அவ்ளோதான் கணக்கு. பொன்னிக்குக் கை நீளம். போதாததுக்கு நான் ஒரு வாரம் வீட்லயே பழக்கி, தலையை எந்தப் பக்கம் சாய்க்கணும்னு சொல்லிக் குடுத்திருந்தேன். தொட்டுட்டா. ஹெட்மாஸ்டர் சிரிச்சுக்கிட்டே எழுபத்து நாலு ஜூன் ஒண்ணுன்னு எழுதிட்டாரு. என் மவ ஒரே நிமிஷத்துல ஒன்றரை வருஷம் வளர்ந்துட்டா.

பொன்னிகிட்டயும் நாங்க உண்மையைச் சொல்லல. சின்னப் புள்ள, எங்கயாவது உளறிட்டா இன்னா பண்றது? ஸ்கூல் கணக்குலதான் அவளுக்கும் வயசு சொல்லுவோம். கிளாஸ்ல எல்லாத்தைவிடவும் அவதான் சின்னவ, ஓட்டத்துல கடைசி, கணக்குல கடைசி. "பெரிய பொண்ணு, உனக்கு இது தெரியலையா?"னு நானே தலையில குட்டியிருக்கேன். அவ அழுதா, இவ்ளோ பெரிய பொண்ணு அழுவியான்னு ஒரு அதட்டு போடுவேன்.

எண்பத்து நாலு ஜூன்ல அவளுக்கு சர்டிபிகேட் கணக்குப்படி பத்து முடிஞ்சுது. ஆட்டம் ஆரம்பிச்ச நாள்லேந்து மாடிப்படியில நின்னு எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தா. அவ மூஞ்சியைப் பார்க்க எனக்குத் தாங்கல. சர்டிபிகேட்டை எடுத்துக்கிட்டு நேரா மேல போனேன். டீச்சர் அதை வாங்கிப் பார்த்தாங்க, பொன்னியைப் பார்த்தாங்க, திரும்ப அதைப் பார்த்தாங்க. "இன்னும் கொழந்தையாத் தெரியறாளேக்கா?" "ஒல்லிக்குச்சி டீச்சர், தின்னாதானே?"னேன். நாக்கு கொஞ்சம் கூடக் கூசல. டீச்சர் நோட்டுல பேரு எழுதி, பத்து முடிந்தது, சான்று பார்த்தேன்னு பக்கத்துல குறிச்சுக்கிட்டாங்க.

ஆட்டத்துல அப்ப ரெண்டு பேரு இருந்தாங்க. கம்பவுண்டர் மவன் சக்கரபாணிக்குப் பதிமூணு, எதிர் வீட்டு வேதாவுக்குப் பன்னெண்டு. பொன்னி வைத்தியரம்மா. மூணாவது வாசல் சிறையில இருமிக்கிட்டு இருந்தது ஒரு சின்னப் பையனாம். டீச்சர்தான் அவனுக்கும் பேசுவாங்க. மத்த ரெண்டு பேரும் அவனை விட்டுட்டுப் போவலாம்னாங்க. பொன்னிதான் அழிச்சாட்டியம் பண்ணி அவனைக் கூட்டிக்கிட்டா. கருப்பன்னு பேரு வச்சு, தம்பி தம்பின்னு கூப்பிடுவா. வீட்லயும் அதே பேச்சுதான். "தம்பிக்கு இருமல் நின்னுடுச்சும்மா." நான் மாவு ஜலிச்சுக்கிட்டே ஊம் போடுவேன்.

ஆடி ரெண்டாவது ஞாயிறு அஞ்சாவது வாசலுக்கு வந்தாங்க. உளுத்துப் போன மரப்பாலம். எல்லாரும் தாண்டிட்டாங்க, கடைசியில தம்பி. பொன்னி கையை நீட்டிப் புடிக்கணும். இருபது மூஞ்சியில அஞ்சு விழுந்தாப் போதும். அவளுக்கு விழுந்தது ரெண்டு. "கை நழுவிடுச்சு. அவன் போயிட்டான்"னாங்க டீச்சர். சக்கரபாணி கொட்டாவி விட்டுட்டு, "சரி, ஆறாவது வாசல் எங்க?"னு கேட்டான். வேதா அவனை ஒரு கிள்ளு கிள்ளுனா. டீச்சர் பொன்னியை உத்துப் பார்த்தாங்களாம். அவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பரவாயில்ல, தாங்கிக்கிட்டான்னு நெனச்சு மேல ஆடுனாங்க.

ஆடி மாசம் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழு ஊத்துவாங்க, அத்தனைக் கேழ்வரகும் எங்க மில்லுலதான் அரைக்கணும். பொன்னி தலைக்கு எண்ணெய் வேணாம்னா, பூ வேணாம்னா, சோத்தை அளைஞ்சுட்டுப் போனா. அடம்னு விட்டுட்டேன். பெத்தவளுக்குக் கண்ணு எங்க இருந்துச்சு? மாவுல இருந்துச்சு.

அந்த வெள்ளிக்கெழமை எங்க தெரு கூழு. வீட்டுக்கு ஒரு பொம்பளப்புள்ள வேப்பிலை வச்ச கொடத்தைத் தூக்கிக்கிட்டு அம்மன்கிட்ட போகணும். மேளக்காரங்க வந்தாச்சு, தெருவே நிக்குது. ஜோதியம்மாள் பொன்னி தலையில பூ வைக்க வந்துச்சு. பொன்னி ரெண்டடி பின்னால போனா. "நான் வர மாட்டேன். எங்க வீட்ல சாவு. தம்பி செத்துட்டான். பதினாறு நாள் ஆவாம கோயிலுக்கு வரக் கூடாது"ன்னா.

மேளம் நின்னுடுச்சு. "எந்தத் தம்பிடி?"னு ஜோதியம்மாள் கேட்டுச்சு. எங்களுக்கு ஏது ஆம்பளப்புள்ள? "கருப்பன். நான்தான் புடிக்காம விட்டுட்டேன். என் கையாலதான் செத்தான்." அம்மன் கொடத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு சாவுங்குது, கொலைங்குது என் புள்ள!

அப்புறம் நான் பண்ணதை நெனச்சா இன்னிக்கும் என்னையே அறையலாம்னு இருக்குது. எல்லாருக்கும் முன்ன நான்தான் மாடிக்கு ஓடுனேன். "புள்ளைங்களுக்கு எழவு சொல்லிக் குடுக்கறதுக்கா இன்ஸ்டிட்யூட் வச்சிருக்கே?"னு கத்துனேன். டீச்சர்னு கூடச் சொல்லல. பின்னாலயே தெருப் பொம்பளைங்க, இருசப்பன். டீச்சர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, எல்லார் முன்னாடியும்: "அக்கா, பொன்னிக்கு எத்தனை வயசு?"

"பத்து"ன்னேன். ரெண்டாவது தடவையா.

இருசப்பனுக்கு இதுவே போதுமா இருந்துச்சு. "மாடியைக் காலி பண்ணிடும்மா. ஞாயித்துக்கெழமை ஆளு கூட்டியாறேன், மெஷினை எறக்கிடலாம்"னுட்டுப் போயிட்டாரு. பரீட்சைக்கு மூணு வாரம்தான் இருக்குது, நாப்பது பசங்க எழுதணும். கல்யாணம் ஆவாத பொம்பளைக்கு, எட்டு மெஷினு சத்தத்தோட, இந்த டவுன்ல வேற யாரு எடம் குடுப்பாங்க? மில்லுக்கு மேலங்கறதாலதான் இங்கயே கெடைச்சுது. இது எனக்கு நல்லாத் தெரியும்.

எங்க வீட்டுக்காரரு, "நீ வாயைத் தொறந்தே, புள்ளையை ஸ்கூல்ல பின்னால தள்ளிடுவாங்க, பாவம் அந்த ஹெட்மாஸ்டருக்கும் வேலை போயிடும்"னாரு. அதுவும் நெசம்தானே? ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். பொன்னிகிட்ட, "அது வெறும் கதைடி, நெசமில்லடி"ன்னு நூறு தடவை சொல்லியிருப்பேன். அவ பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிட்டு சோத்தைத் தள்ளி வச்சுடுவா.

ஞாயித்துக்கெழமை ரெண்டு மணி. இருசப்பன் நாலு ஆளோட வந்துட்டாரு. பின்னாலயே வேடிக்கை பார்க்க ஜோதியம்மாள். நான் மாடிக்குப் போனப்ப டீச்சர் மெஷினுக்கெல்லாம் உறை போட்டுக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. சக்கரபாணியும் வேதாவும் மூலையில மூஞ்சி செத்துப் போயி நின்னாங்க. டீச்சர் அவங்ககிட்ட டைப் அடிச்ச காகிதத்தையெல்லாம் வாங்கி ரெண்டா கிழிச்சுக்கிட்டு இருந்தாங்க. மாடி போவுதேன்னு கிழிக்கறாங்கன்னு நெனச்சேன். இல்ல.

"நான் போட்ட கணக்கே தப்புக்கா"ன்னாங்க என்னைப் பார்த்து. "பத்து முடிஞ்சா தாங்கும்னு நெனச்சேன். பத்து முடிஞ்ச புள்ளையே இப்படி உடைஞ்சு போச்சுன்னா, எனக்குப் புள்ளைங்களைப் பத்தி ஒண்ணும் தெரியலன்னு அர்த்தம். எடம் கெடைச்சாலும் இனிமே இதை ஆட மாட்டேன். மெஷினோட நிறுத்திக்கறேன்."

ஜோதியம்மாளுக்கே பதில் குடுத்த வாய் அது. அது இப்படிப் பேசுது, என் பொய்யால.

"உங்க கணக்குல தப்பே இல்ல டீச்சர்! பொன்னிக்குப் பத்து இல்ல. எட்டரை!"னு கத்திட்டேன். கத்தறதுதான் எனக்கு வருமே. "எழுபத்தஞ்சு கார்த்திகை. பெல்ட்டுல மாட்டிச் செத்துடுவாளோன்னு பயந்து ஸ்கூல்ல பொய் சொன்னேன். உங்ககிட்ட வந்து பொய் சொன்னேன். வெள்ளிக்கெழமையும் பொய் சொன்னேன். காலி பண்றதுன்னா என்னைக் காலி பண்ணுங்க, மில்லைத் தூக்கிக்கிட்டுப் போறேன்."

டீச்சர் அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாங்க. அப்புறம் எழுந்தாங்க பாருங்க, எட்டு வருஷத்துல அவங்க சத்தம் போட்டு நான் கேட்டதில்ல. "எட்டரை வயசுப் புள்ளை கையில நான் சாவைக் குடுத்திருக்கேன்! சோறு எறங்குமாக்கா எனக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பாலத்தை நான் வச்சிருப்பேனா? அவ அழலன்னு பார்த்து, பெரியவளாயிட்டான்னு நெனச்சு ஆடிக்கிட்டே போனேனே!" அத்தனையையும் வாங்கிக்கிட்டேன்.

ஜோதியம்மாள் மெதுவா, "எங்க வீட்ல மூணு பேருக்குமே சர்டிபிகேட்டுல ஜூன் ஒண்ணுதான்"னுச்சு. வேதா, "எனக்கும்"ன்னா. இருசப்பன் கூட்டியாந்த ஆளுல ஒருத்தரு சிரிச்சுட்டாரு. இருசப்பன் தொண்டையைக் கனைச்சாரு, கூரையைப் பார்த்தாரு. "அப்ப ஆட்டத்து மேல தப்பு இல்லன்னு ஆவுது. சரி, இரும்மா. இதுக்குப் போயி எட்டு மெஷினைத் தூக்கச் சொல்றீங்களே"ன்னாரு, என்னமோ நாங்க சொன்ன மாதிரி. ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் படியிறங்குனாரு. டீச்சர் நோட்டை எடுத்து, பொன்னி பேரை அடிச்சுட்டு, எண்பத்தஞ்சு கார்த்திகைன்னு எழுதுனாங்க, அப்பதான் அவளுக்குப் பத்து முடியும். கிழிஞ்ச காகிதத்தைப் பார்த்து, "ரெண்டு பேரும் வாங்க, புதுசா அடிக்கணும்"னாங்க. குரல் பழையபடி ஆயிடுச்சு.

அப்பதான் பார்த்தேன். இருசப்பன் எறங்கிப் போன படியில, சுவத்தோட ஒட்டிக்கிட்டு பொன்னி. எப்ப வந்தான்னு தெரியல. எல்லாத்தையும் கேட்டிருக்கா.

"அம்மா, எனக்குப் பத்து இல்லையா?"

"இல்லடி கண்ணு."

"எட்டா?"

"எட்டரை."

"எட்டுன்னா அழலாமாம்மா?"னு கேட்டா.

நான் பதில் சொல்றதுக்குள்ள அவளால முடியல. தம்பி, தம்பின்னு கத்திக்கிட்டே அந்தப் படியிலயே மடங்கி உக்காந்துட்டா. நான் ஓடிப் போயி அவளை வாரி மடியில போட்டுக்கிட்டு, "அழுடி, எவ்ளோ வேணுமோ அழு"ன்னு சொல்லிச் சொல்லி, கூட நானும் அழுதேன்.